முனீஸ்வரனுக்கு என்று ஒதுக்கிய பன்னிரண்டு பாட்டில்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று நீ என்னிடம் ஒன்று சொன்னாய். சிங்கப்பூர் வேலை கைநழுவிப் போய்விட்டது, அதைப் பெண் வீட்டில் இப்போது வாய்விட வேண்டாம் என்றாய். "சின்னப் பொய்தானே அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நான் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை, கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னதில் தப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை, அதே சிரிப்போடு, நான் எனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அது நடந்து பதினொரு வருஷம் ஆகிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அதைவிடப் பெரிய கெட்டிக்காரன், என் புளுகு இன்னும் இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

உன் அம்மாவின் இடது கண் குக்கர் வெடித்துப் போனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது உண்மை இல்லை. ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் அவள் வெறுங்காலோடு பால்குடம் எடுத்து முனீஸ்வரன் கோயிலுக்கு நடப்பது உன் உடம்பு தேறியதற்கான நேர்த்திக்கடன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதுவும் உண்மை இல்லை. போன வருஷம் அந்தத் தார் ரோட்டுச் சூட்டில் கால் கொப்பளித்து, சர்க்கரை வியாதியில் அது புண்ணாகி, சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்ததை நீ பார்த்தாய். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படிப் புண் வந்தால் பாதத்தோடு போகும் என்று சொன்னார். உன் கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் பங்குனி உத்திரம் வருகிறது. அவள் இப்போதே மஞ்சள் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் அவள் கால் பிழைக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் நான் ஒரு துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். யாங்கூனுக்கு அக்கரையில் தன்லியின் ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கட்ட வந்த இன்ஜினியர். அந்த ஆள் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். ஏசி போட்ட ஓர் அறையில் வெள்ளை வாளி ஒன்று உட்கார்ந்திருக்கும், அதன் மூடியில் வளைந்த குழாய் ஒன்று, அதில் பாதி தண்ணீர். உள்ளே இருக்கிற காற்று குமிழி குமிழியாக வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கும் ஒரு கிளாஸ் கொடுப்பார். கம்பெனி பீரெல்லாம் அதற்கு முன்னால் கழனித்தண்ணி. தொழிற்சாலை வேலை பாதியில் நின்று அவர் ஊருக்குக் கிளம்பும்போது அந்தச் சாமான்கள் முழுவதையும் என் தலையில் கட்டினார். வாளி, மூடி அடிக்கிற கருவி, ஒரு கண்ணாடி மிதவை, தகர டப்பாவில் தார் மாதிரி இறுகிக் கிடந்த மால்ட் பாகு மூன்று பங்கு, ஈஸ்ட் ஒரே ஒரு பொட்டலம், இங்கிலீஷில் ஒரு சின்னப் புஸ்தகம். கொடுத்துவிட்டு, "இந்த ஊர் வெயிலில் ஏசி இல்லாமல் உன்னால் முடியாது, வாளியைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்" என்றார். உன்னால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு எங்கே எரியும் என்று உனக்குத் தெரியும். உனக்கும் அங்கேதானே எரியும்.

முதல் காய்ச்சலிலேயே அகப்பட்டுக்கொண்டேன். உன் அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றினேன். அந்தப் பாகு கொதிக்கிற வாசனை இருக்கிறதே, மூன்று மாடிக்கும் வீசும். அவள் படியேறும்போதே மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், குடித்தே செத்தவர். குடி என்ற சொல்லையே அவள் வீட்டுக்குள் விடமாட்டாள். "இது என்ன?" என்றாள். அந்த வருஷம் ஆனி மாதம் உனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாயே, அது என் நாக்கு நுனிக்கு வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "புள்ளைக்குக் காய்ச்சல் எறங்குனா என் கையால காய்ச்சுன பீரு பன்னெண்டு பாட்டில் படைக்கிறேன்னு முனீஸ்வரனுக்கு வேண்டிக்கிட்டேன்" என்றேன். முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிறது நம் வழக்கம்தானே. அவள் முகம் மாறிவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள், தம்பி. மால்ட் பாகைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்னப் பொய்தானே, பீர் பக்குவமாக வந்ததும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த வேண்டுதலை நான் செய்யவே இல்லை. உன் உயிரை வைத்துப் பொய் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சாமி ஞாபகமே வரவில்லை. பயத்தில் உன் கால்விரல்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த முதல் காய்ச்சல் உருப்படவில்லை. தயிருக்கு வெதுவெதுப்பில் உறை ஊற்றுகிறோம், இதற்கு இன்னும் கொஞ்சம் சூடு இருந்தால் சீக்கிரம் வேலை செய்யும் என்று நானாக முடிவு செய்து, கை வைக்க முடியாத சூட்டில் ஈஸ்ட்டைக் கொட்டினேன். அது அங்கேயே வெந்து செத்தது. மூன்று நாள் குமிழி ஒன்றுகூட வரவில்லை. என்ன ஆயிற்று என்று மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன், அதில் காற்றில் இருந்த அழுக்கெல்லாம் உள்ளே போய்க் குடித்தனம் வைத்தது. ஏழாம் நாள் ஈரத்துணி நாற்றம். சாக்கடையில் கொட்டினேன். உன் அம்மாதான் கவலைப்பட்டாள். சாமி ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை, நாம் சுத்தமாகச் செய்யவில்லையோ என்று அடுத்த காய்ச்சலுக்கு முன்னால் சமையலறையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அதில் பாதி அக்கறை எனக்கு இருந்திருந்தால் முதல் காய்ச்சலே நன்றாக வந்திருக்கும்.

இரண்டாவதற்கு ஈஸ்ட் இல்லை. சீனர்கள் கடை வைத்திருக்கிற லத்தா பேட்டைக்குப் போய்ச் சீனன் கடை ஒன்றில் "தஸே" கேட்டேன். நமக்குத்தான் ஈஸ்ட் என்று ஒரு சொல், பர்மியத்தில் ரொட்டி உப்புவதற்குப் போடுவதும் தஸே, சோற்றில் சாராயம் வைக்கப் போடுகிற வெள்ளை உருண்டையும் தஸே. கடைக்காரன் என் முகத்தைப் பார்த்து இவன் சாராயத்துக்குத்தான் கேட்கிறான் என்று முடிவு கட்டி, உருண்டை நான்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். நானும் பொடித்துப் போட்டேன். இந்தத் தடவை குமிழி வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் கழித்துத் திறந்தால் மேலே வெள்ளையாக ஆடை, உள்ளே நீராகாரம் நாலு நாள் புளித்த புளிப்பு. பக்கத்து வீட்டு கோ மின்னைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னேன். அவனும் டிரைவர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற ஆள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, மாங்காய் ஊறப்போட ரொம்ப நல்லது என்றான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது போதாதென்று, அன்றைக்கே அந்தக் கண்ணாடி மிதவையையும் தொட்டியில் போட்டு உடைத்தேன். பேட்டரித் தண்ணீரில் விட்டுப் பார்ப்போமே அந்த மிதவையின் தம்பி அது. பீரில் சர்க்கரை இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதுதான் சொல்லும். குமிழியை நம்பாதே, இரண்டு நாள் தொடர்ந்து மிதவை ஒரே இடத்தில் நின்றால்தான் வேலை முடிந்தது என்று அந்தப் புஸ்தகத்தில் அழுத்தமாகப் போட்டிருந்தது. குமிழியைப் பார்க்கக் கண் இருக்கிறதே, மிதவை எதற்கு என்று நான் விட்டுவிட்டேன்.

கடைசிப் பங்கை மாசி மாதம் காய்ச்சினேன். இந்தத் தடவை ரொட்டிக்குப் போடுகிற தஸே என்று விளக்கமாகச் சொல்லி வாங்கினேன். நன்றாக ஆறவைத்துப் போட்டேன், வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி விசிறி வைத்தேன். இரண்டு நாள் குமிழி கொப்பளித்தது, ஆறாம் நாள் நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அது முடியவில்லை, அந்த ஈரச் சாக்கின் குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போயிருந்தது. சர்க்கரை பாதி அப்படியே கிடந்தது. நான் முப்பது பாட்டிலில் ஊற்றி, நுரைக்காக ஒவ்வொன்றிலும் அரைக் கரண்டிச் சர்க்கரையும் போட்டேன். உன் அம்மா பன்னிரண்டைத் தனியாக எடுத்துக் குங்குமப் பொட்டு வைத்தாள். மூடி அடிக்க உட்காரும் நேரத்தில், சந்தில் என் வண்டி வழியை மறிக்கிறது என்று கீழேயிருந்து சத்தம் போட்டார்கள். போய் வண்டியை எடுத்து வேறு இடம் தேடி நிறுத்திவிட்டு வர அரை மணி நேரம் ஆயிற்று. நான் திரும்பி வந்தபோது அவள் பாட்டில்களுக்கு ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பதுக்கும் மூடி அடித்தேன். பொட்டு வைத்த பன்னிரண்டு சாமி அலமாரிக்குக் கீழே போயிற்று, மீதி பதினெட்டு சமையலறைத் தொட்டிக்கு அடியில். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கி நீ ஹ்மாவ்பியில் உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாய். அதை நினைத்து இன்றைக்கும் நிம்மதிப்படுகிறேன்.

பங்குனி வெயில் ஏறியது. உத்திரத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, நான் கூடத்தில் படுத்திருந்தேன். தலைமாட்டில் குண்டு வெடித்தது போல ஒரு சத்தம், ஒரு மூச்சு இடைவெளி விட்டு இன்னொன்று. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் கண்ணாடிச் சில்லு செருகி நின்றது. அந்த வருஷங்களில் யாங்கூனில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்பதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்தில் படி நிறையச் செருப்புச் சத்தம், வார்டு ஆபீஸ் ஆள் முன்னால் வருகிறார். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுகிறவனுக்கு ஜெயில். உன் அம்மாதான் ஈரத்துணியை அந்தப் பாட்டில்கள் மேல் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றாள். நல்ல பர்மியத்தில், வெயிலில் சோடாப் பாட்டில் வெடித்துவிட்டது, ஊருக்கெல்லாம் தொந்தரவு, மன்னிக்க வேண்டும் என்றாள். பொய்யே பேசாதவள். அவர் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னொரு சத்தம் கேட்டால் தான் தனியாக வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே கோ மின் தொட்டிக்கு அடியில் இருந்த பதினெட்டையும் சாக்கில் சுற்றி, தன்லியினில் அவன் மச்சானுடைய கொட்டகைக்கு வண்டியில் கொண்டுபோனான். பொட்டு வைத்தவை பத்து மிச்சம் இருந்தன. உன் அம்மா கீழே தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றின் மூடியை நெம்பினேன். நுரை கூரையில் போய் அடித்தது. ஒன்பது. ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை வெளியே விட்டுவிட்டால் போதும், கால் மணி நேர வேலை. இரண்டாவதில் கை வைத்தபோது அவள் வாசலில் நிற்கிறாள். குடத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"சாமிக்குன்னு எடுத்து வச்சது. படைக்கிறதுக்கு முன்னாடி தெறந்தா எச்சிலாயிரும். நாலே நாள், பொறுக்க மாட்டீங்களா?"

வெடித்துவிடும் என்றேன். மூடி அடிக்கத் தெரியாமல் அடித்திருக்கிறீர்கள், அதற்குச் சாமி பொருளையா திறப்பது என்றாள். திறக்கத்தான் வேண்டும் என்றேன். அவள் குடத்தை வைத்துவிட்டு எனக்கும் பாட்டில்களுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "எம் புள்ள உசுரு இது. தொடாதீங்க" என்றாள். தம்பி, அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். வேண்டுதல் எதுவும் இல்லை, நான் குடிக்கக் காய்ச்சினேன். அவ்வளவுதான். திட்டியிருப்பாள், நாலு நாள் சோறு போட்டிருக்க மாட்டாள், அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். கண் இருந்திருக்கும். அவள் கண்ணில் நான் பிள்ளைக்காகச் சாமியிடம் மன்றாடிய தகப்பனாக இருந்தேன், அதை விட எனக்கு மனசு வரவில்லை. சரி, ஈரத்துணியை மட்டும் காயாமல் பார்த்துக்கொள் என்று சொன்னேன். நான் சொன்னபடி கேட்டு, மறுநாள் உச்சி வெயிலில் துணியை நனைக்கக் குனிந்தாள்.

அதற்கு மேல் அந்தச் சம்பவத்தை எழுத என்னால் ஆகாது. சத்தம் கேட்டு வார்டு ஆள் வருவதற்குள் கோ மின் அவளைத் தூக்கி வண்டியில் வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் அவர்கள் கேட்டபோது, முகம் முழுக்கக் கட்டோடு, குக்கர் வெடிச்சிருச்சு என்று அவளே சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். மூன்றாம் நாள் டாக்டர் இடது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனபிறகு, என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் குனியச் சொன்னாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகப் பேசினாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நீங்க வண்டி எடுக்கப் போனப்ப விரல விட்டு நக்கிப் பாத்தேன். ஒரே கசப்பு. இதப் போயா சாமிக்கு வைக்கிறதுன்னு பன்னெண்டுலயும் கொட்டப்பாக்கு அளவு வெல்லம் போட்டேன். படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாத்தேன்ல. சாமி கண்ணக் குத்திருச்சு."

சின்ன வயதில் உன்னை எத்தனை தடவை மிரட்டியிருக்கிறாள், பூசைக்கு முன்னால் சுண்டலில் கை வைக்காதே, சாமி கண்ணைக் குத்தும் என்று. அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள். பொட்டு வைத்த பாட்டில்தான் வெடித்தது, மற்றவை சும்மா இருந்தன, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பேசாதே, தூங்கு என்றேன்.

மற்றவை சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் தன்லியின் கொட்டகையில் அந்தப் பதினெட்டில் ஐந்து வெடித்தன. அவற்றில் வெல்லமும் இல்லை, குங்குமமும் இல்லை. புளித்து முடியாத பீரை அவசரத்தில் அடைத்த முட்டாளுடைய சர்க்கரைதான் இருந்தது. வெல்லம் அதைச் சில நாள் முந்திக்கொண்டு வரச் செய்தது, அவ்வளவுதான். பாட்டிலுக்கு நடக்க இருந்தது எப்படியும் நடந்திருக்கும். கோ மின் வந்து இதைச் சொன்னபோது, என் வீட்டில் மூச்சு விடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இது இரண்டாவது தப்பு. முதலாவதைவிட இதுதான் பெரியது என்று எனக்குப் படுகிறது. முதல் பொய் வாய் தவறி வந்தது. இதை யோசித்துச் செய்தேன்.

அதற்குப் பிறகு பத்துப் பங்குனி போய்விட்டது, வரப்போவது பதினோராவது. ருசி பார்த்த நாக்குக்கு இனிப்பு கூடாது என்று அவள் டீயில்கூடச் சர்க்கரை போடுவதில்லை. டாக்டர் சொன்னதால் என்று நீ நினைக்கிறாய். அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்ததே ஐந்து வருஷம் முன்னால்தான். ஒவ்வொரு வருஷமும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடப்பாள். நான் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு போவேன், பெரிய பக்திமான். போன வருஷம் விரலை எடுத்த பிறகு இனிமேல் நடக்க வேண்டாம் என்று நான் கெஞ்சியபோது என்ன சொன்னாள் என்று உனக்கே தெரியும், நீயும் பக்கத்தில் இருந்தாய். "காலு போனா போவட்டும். சாமி கடன் நிக்கக் கூடாது" என்றாள். நீ அம்மாவின் பிடிவாதம் என்று எரிச்சல்பட்டாய். எனக்கு அங்கேயே மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும். பொய் சொன்னவன் அதைச் சொன்ன இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். கேட்டவர்கள் அதை நம்பிக் காரியம் செய்கிறார்கள். நல்லவர்களாக இருந்தால் இன்னும் அதிகமாகச் செய்கிறார்கள், தங்கள் பங்குக்கு வெல்லமும் போடுகிறார்கள். அந்தப் பெண் உன் சிங்கப்பூர் வேலையை நம்பி எதை விட்டுவிடப்போகிறாளோ, யாரிடம் என்ன வாக்குக் கொடுக்கப்போகிறாளோ, உனக்குத் தெரியாது. பஸ் ஏறித் தன்லியினில் பெண் வீட்டுக்குப் போய் இன்றைக்கே சொல்லிவிடு. கல்யாணம் நின்றால் நிற்கட்டும், நான் உன் பக்கத்தில் இருப்பேன். நிற்காது என்றுதான் நினைக்கிறேன். நல்ல பெண்.

பதினொரு வருஷத்தில் உன் அம்மாவிடம் இதைச் சொல்ல எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். அவள் நேராகப் பார்க்கும்போது அந்த ஒற்றைக் கண் என்னை நம்பிக்கொண்டே பார்க்கிறது. நான் எழுந்து போய்விடுகிறேன். கோழை என்று சொன்னால் சொல்லிக்கொள். அதனால் வேறு வழி ஒன்று செய்திருக்கிறேன். தம்பி, உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் அம்மா ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அ, ஆ சொல்லிக்கொடுக்கும்போது நீ பந்து விளையாடப் போய்விடுவாய். பர்மிய எழுத்தில் எழுதியிருந்தால் நீயே படித்திருப்பாய். தமிழில் எழுதிய காகிதத்தை நீ யாரிடம் கொண்டுபோய் நீட்டுவாய் என்று எனக்குத் தெரியும். உன் ரகசியத்தையும் சேர்த்து அவளிடம் போட்டு உடைத்துவிட்டேன், அதற்கு மன்னித்துக்கொள்.

காமாட்சி, இவ்வளவு நேரமும் இதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பது நீதான். கல்யாணமான நாளிலிருந்து உன் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, எழுதியும் பார்த்ததில்லை. நான் முனீஸ்வரனுக்கு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. நீ ருசி பார்த்தது உன் புருஷன் தான் குடிக்கக் காய்ச்சிய பீரை, சாமிக்கு அதில் பங்கு கிடையாது. உன் வெல்லத்தால் வெடிக்கவில்லை, என் அவசரத்தால் வெடித்தது. சாமி உன் கண்ணைக் குத்தவில்லை. நான்தான் குத்தினேன். நீ யாருக்கும் கடன்படவில்லை. இந்தப் பங்குனிக்கு நடக்காதே. போவதானால் செருப்பைப் போட்டுக்கொண்டு, சும்மா கும்பிட்டுவிட்டு வா.

நான் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். தெருக்கதவை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லி, என் சாவியைக் கடிதத்தோடு நம் பிள்ளையிடமே கொடுத்துவிட்டேன். நான் மேலே வர அதைப் பால்கனிக் கயிற்றில் கட்டி எனக்கு இறக்குவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.